சோறு உருட்டிய கை

நாள்: 1969 ஜனவரி 17, காலை. இடம்: டோக்கியோ, காவல் நிலைய விசாரணை அறை. வாக்குமூலத்தை எழுதிக்கொண்டவர்: விசாரணை அதிகாரி ஹிரோதா.

பெயர் இகுகோ தெராசவா. வயது இருபது. தகப்பனார் நீகாட்டா மாவட்டத்தில் அஞ்சலக அதிகாரி. நான் கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு. இருப்பிடம் கல்லூரிப் பெண்கள் விடுதி, ஏழாம் அறை.

மேற்படி நான் சுயநினைவோடும் முழுக் கோபத்தோடும் சொல்வதாவது. "கோபம்" என்ற சொல் வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். இருக்கட்டும் என்று நான் சொன்னேன்.

நிர்வாகம் போலீஸை வளாகத்துக்குள் விட்டதை எதிர்த்து நவம்பரில் மாணவர்கள் மூன்றாம் கட்டிடத்தைப் பிடித்து, வாசலில் மேசை நாற்காலிகளை அடுக்கி அடைத்தார்கள். நானும் போய்ச் சேர்ந்தேன். தலைவர் குரோசாகி, நான்காம் ஆண்டு மாணவர், வந்தவர்களுக்கெல்லாம் ஹெல்மெட் கொடுத்தார். என் முறை வந்தபோது சோற்றுப் பானையைக் காட்டினார். அதன் பிறகு நானும் வேறு நான்கு பெண்களும் எண்பது பேருக்குத் தினம் இரண்டு வேளை சோறு உருட்டினோம். சோறு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே உப்புநீர் தொட்டு உருட்ட வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். குரோசாகி வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு எல்லா மனிதருக்கும் விடுதலை என்று கூட்டத்தில் பேசுவார். ஒருநாள் நான் கேட்டேன்.

"அண்ணே, அந்த எல்லாருல நாங்களும் உண்டா?"

"வாயைக் குறைச்சுட்டு ஊறுகாயை எடு தாயே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு எரிகிறது.

அதன் பிறகு ஜனவரி 15 வந்தது. இருபது வயதாகிச் சட்டப்படி பெரியவர்களானவர்கள் நல்ல உடை உடுத்தி நகர மன்றத்து விழாவுக்குப் போகும் நாள். அம்மா நீளக் கை வைத்த கிமோனோவை டிசம்பரிலேயே அனுப்பியிருந்தார். அது விடுதியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. அன்று காலை குரோசாகி எங்களை வரிசையாக நிறுத்தி, பிடிபட்டால் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். அதன் பிறகு வெளியே ஆள் திரட்டப் போவதாகச் சொல்லிப் பின்சுவர் ஏறிப் போனார். போனவர் போனவர்தான்.

பத்து மணிக்குக் கலகத் தடுப்புப் போலீஸார் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தார்கள், கண்ணீர்ப் புகையும் அடித்தார்கள். அதற்குள் நான் இருநூற்று நாற்பது உருண்டை பிடித்திருந்தேன். சாப்பிட யாரும் வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அங்கே என் வகுப்பைச் சேர்ந்த நிஷிவாக்கி, பெயர்த்து மேலே கொண்டுவந்திருந்த நடைபாதைக் கல்லைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடி நொறுங்கிப் போயிருந்தது. கீழே நிற்பது யார் என்றே அவருக்குத் தெரியாது. அவர் ஒரு கல்லையும் எறியவில்லை. நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவர் உடைத்து வைத்ததில் ஒன்றை எடுத்துக் குறிபார்த்து எறிந்தேன். எறியச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது ஒரு போலீஸ்காரரின் தோளில் விழுந்தது. அவர் விழுந்தார், ஹெல்மெட் கழன்றது. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். அவருடைய தோள் எலும்பு உடைந்தது என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு இரண்டாவது கல்லை என்னால் எடுக்க முடியவில்லை.

அதன் பிறகு எங்களைக் கைது செய்து இங்கே கொண்டுவந்து கைகளைப் பார்த்தார்கள். நிஷிவாக்கி கையில் கல்தூள் இருந்தது. என் கையில் உப்பும் கொப்புளமும் இருந்தன. அதை வைத்தே எறிந்தவர் அவர்தான் என்று எழுதிவிட்டார்கள். அவர் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாய் திறக்கவில்லை. இங்கே அவருக்குப் பெயர் இல்லை, பதினான்காம் எண். எறிந்தது யார் என்று பக்கத்தில் நின்ற அவருக்குத் தெரியும்.

என் பையிலிருந்த கல்லூரி அட்டையைப் பார்த்து அப்பாவுக்குப் போன் போட்டிருந்த அதிகாரி, இன்று காலை முன்பே எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார்.

"உங்கப்பா போன்ல அழுதாரும்மா. பச்சக் குழந்தைங்க அதுன்னாரு. சோறு மட்டும்தான் உருட்டினேன்னு எழுதியிருக்கேன். ரேகை வச்சிட்டு சாயங்கால வண்டிக்குக் கிளம்பு."

"அப்ப நிஷிவாக்கி?"

"பதினாலா? அவன் வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே! நீ ஏன்மா குறுக்க வர்ற? உனக்குப் பத்தொம்பதுன்னா சின்னப் பொண்ணுன்னு குடும்பக் கோர்ட்டோட போயிரும். உனக்கு இருபது. ஜெயிலும்மா."

"இருபதுன்னா நான் சொல்றதை எழுதுங்க சார்."

அதன் பிறகே மேலே கண்டவற்றைச் சொன்னேன். சத்தியத்தை மீறியதற்காகத் தோழர்கள் என்னைத் துரோகி என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். சத்தியம் வாங்கியவர் சுவர் ஏறிப் போய்விட்டார், செய்துகொடுத்தவர் கம்பிக்குள் இருக்கிறார்.

முதல் தாளில் "சோறு மட்டும்தான் உருட்டினேன்" என்றிருந்த வரி என் முன்னால் திருத்தப்பட்டது. உருட்டியதையே எடுத்துவிடலாமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம், "மட்டும்தான்" என்பதை எடுத்தால் போதும், அந்தச் சோறும் நான் உருட்டியதுதான் என்று சொன்னேன்.

இதை அதிகாரி எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். எனக்காக வேறொருவர் சொன்னது இதில் ஒரு வரியும் இல்லை. நடந்தது இதுதான், செய்தது நான்தான். கையெழுத்துக்குப் பதில் குத்தும் பெயர் முத்திரை கைவசம் இல்லாததால் இடது ஆள்காட்டி விரலை வைக்கிறேன். கொப்புளத்தால் முதல் ரேகை சரியாக விழவில்லை. இரண்டாவது முறை அழுத்தி வைத்தேன்.

(இடது விரல் ரேகை)
இகுகோ தெராசவா