கொற்றனைக் கொல்ல மாட்டேன்

ரைஹானத்: கொல்ல மாட்டேன்.

யாசர்: நான் சொல்லுதத முழுசா...

ரைஹானத்: கொல்ல மாட்டேன்னா கொல்ல மாட்டேன். ராதாபுரத்துல இருந்து பஸ்ஸு மாறி மாறி வந்து, செருப்பக்கூட கழத்தாம வாசல்ல நின்னுக்கிட்டு, ஒருத்தன தூக்குல போடுன்னு கேக்குத ஆளு நீங்கதான்.

யாசர்: ஒருத்தன்னா... கதையில வருத ஆளுதான.

ரைஹானத்: கதையில வருத ஆளுக்காகவா இம்புட்டு தூரம் வந்தீங்க? பொண்டாட்டி ரெண்டு வருசமா இங்கன மேலப்பாளையத்துல தனியா கெடக்கா. அவளப் பாக்க வரல. தளபதி கொற்றனுக்குத் தண்டன வாங்கிக் குடுக்க வந்திருக்கீங்க.

யாசர்: பைய பேசு. கீழ்வீட்டுல கேக்கும்.

ரைஹானத்: கேக்கட்டும். கீழ்வீட்டு பாத்தும் அக்காவும் என் கதைய வாசிக்கவதான். மொதல்ல உள்ள வாங்க.

யாசர்: இல்ல... நான் இங்கனயே நிக்கேன். பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் போவணும். கடையில சிமெண்டு லோடு எறங்குது. அக்கா வீட்டு மச்சான் ஒத்தைல நிப்பாரு.

ரைஹானத்: அந்தக் கடையில ஒக்காந்துதான் வாசிக்கீங்களா?

யாசர்: எத?

ரைஹானத்: எதயா? நான் போன்ல எழுதுத சரித்திரத் தொடர.

யாசர்: நான் எங்க வாசிக்கேன். ஜுபைதா அக்காதான் வாசிப்பா. சொல்லுவா... காதுல விழும்.

ரைஹானத்: அப்போ ‘பனங்காட்டு ரசிகன்’ யாரு?

யாசர்: யாரது?

ரைஹானத்: ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழ வந்து, ‘கொற்றனை மன்னிக்கக் கூடாது, கழுவில் ஏற்றுங்கள், நண்றி’ன்னு எழுதுத ஆளு.

யாசர்: எனக்கு எப்படித் தெரியும்? ஆயிரம் பேரு வாசிக்காங்க.

ரைஹானத்: ஆயிரம் பேருல, நன்றிக்கு மூணு சுழி போடுத ஆளு ஒருத்தருதான். கல்யாணத்துக்கு முந்தி நீங்க எனக்கு அனுப்புன மெசேஜு பூரா ‘நண்றி நண்றி’தான. சிரிக்கத் தெரியுதா இன்னும்?

யாசர்: சிரிக்கல. தொண்டையில என்னமோ...

ரைஹானத்: உள்ள வாங்க. தண்ணி தாரேன்.

யாசர்: ரைஹானா, நான் ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிருதேன். இன்னைக்குக் கடைசி அத்தியாயம்னு போட்டிருந்த. அதுக்கு முந்தி ஒங்கிட்ட பேசிரணும்னுதான் விடியக்காலம் கெளம்புனேன். எழுதிட்டியா?

ரைஹானத்: பாதி எழுதிருக்கேன். சாயங்காலம் போடணும்.

யாசர்: அப்போ நேரம் இருக்கு. முடிச்சிரு அவன. வாசிக்கவங்களும் அதத்தான கேக்காங்க.

ரைஹானத்: வாசிக்கவங்களுக்கு என்ன தெரியும்?

யாசர்: ஏன், நீதான எழுதுன? பொருநையில வெள்ளம் வருது. ராணி முத்துநாச்சி கோட்டையில இருக்கா. அவ பிள்ளையத் தோளுல தூக்கிக்கிட்டு கொற்றன் எறங்குதான். ஆளு வரட்டும், கயிறு வரட்டும்னு எல்லாரும் சொல்லுதாங்க. கேக்கல. நடு வெள்ளத்துல... விட்டுட்டான். பெத்த தகப்பன். விட்டுட்டு அவன் மட்டும் கரையேறிட்டான். அவனப் போயி நாப்பது அத்தியாயமா காட்டுலயும் மேட்டுலயும் அலைய விட்டுக்கிட்டு இருக்க. ஒரேயடியா முடிச்சிட்டா அவனுக்கும் நிம்மதி.

ரைஹானத்: அவனுக்கா, ஒங்களுக்கா? சொல்லுங்க. முன்பல்லுல இடுக்கு இருக்கது அவனுக்கா, ஒங்களுக்கா?

யாசர்: அதயும் கேக்கணும்னு நெனச்சேன். எந்தக் காதல் கதையிலயாவது கதாநாயகனுக்குப் பல்லுல இடுக்கு உண்டுமா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?

ரைஹானத்: முத்துநாச்சிக்கு அதுதான் பிடிச்சிருக்கு. நாலு பேரு என்ன செய்யணும்?

யாசர்: வெளையாடாத.

ரைஹானத்: வெளையாடல. நான் கேக்குததுக்குப் பதில் சொல்லுங்க. கொற்றன் பிள்ளைய விட்டுட்டான்னு நான் எங்க எழுதிருக்கேன்?

யாசர்: பன்னெண்டாம் அத்தியாயத்துல. ‘என் மகளின் கையை நானே விட்டேன்’னு...

ரைஹானத்: யாரு சொல்லுதா அத?

யாசர்: கொற்றன்தான் சொல்லுதான்.

ரைஹானத்: ஆங். கொற்றன் சொல்லுதான். பெறகு அவன் படையாளு அதயே சொல்லுதான். அதக் கேட்டு ஊரு சொல்லுது. நான் சொல்லல. முத்துநாச்சியும் சொல்லல. இத்தன அத்தியாயத்துல அவ ஒரு தடவயாவது அந்த வெள்ளத்தப் பத்தி வாயத் தொறந்தாளா?

யாசர்: இல்ல...

ரைஹானத்: ஏன்னு யோசிச்சீங்களா?

யாசர்: வெறுப்புல பேசாம இருக்கான்னு நெனச்சேன்.

ரைஹானத்: நீங்களா நெனச்சிக்கிடுதது. அதுதான் ஒங்க வியாதி. இந்தா, எழுதுன வரைக்கும் வாசிக்கேன். நின்னுக்கிட்டே கேளுங்க. ‘அவை அமைதியானது. முத்துநாச்சி இருக்கையை விட்டு எழுந்து, விலங்கோடு நின்ற கொற்றனின் முன்னால் வந்தாள். தண்டனை கேட்கிறீர்களே, அன்று கோட்டைச் சுவரின் மேல் நின்று பார்த்த கண்கள் யாருடையவை என்று எவராவது கேட்டீர்களா என்றாள்.’

யாசர்: வேண்டாம்.

ரைஹானத்: ‘இவர் கரையைத் தொடப் பத்தடி இருக்கும்போது ஆற்றோர மதில் இடிந்து விழுந்தது. அந்த அலையில் இருவரும் மூழ்கினார்கள். வீரர்கள் இவரை மட்டும் இழுத்துப் போட்டார்கள். மயங்கிக் கிடந்த இவரது வலக்கையைப் பிரிக்க இரண்டு ஆடவர்கள் தேவைப்பட்டார்கள். உள்ளே என் மகளின் பட்டாடையின் கிழிசல் இருந்தது. கையை விட்டவன் கையில் கிழிசல் எப்படி வரும்?’

யாசர்: நிறுத்து, ரைஹானா.

ரைஹானத்: ஏன் நிறுத்தணும்?

யாசர்: எனக்கு ஆறுதல் சொல்லணும்னு இப்படி கற்பன பண்ணி எழுதாத. அது பாவம்.

ரைஹானத்: ஆறுதல் சொல்லுத மூஞ்சியா இது? நல்லா பாருங்க. அன்னைக்கு நான் எங்க நின்னேன்?

யாசர்: மாடியில.

ரைஹானத்: மாடியில. நீங்க நம்ம பிள்ள பிர்தௌஸத் தூக்கிக்கிட்டு வெள்ளத்துல எறங்குனதுல இருந்து கண்ண எடுக்காம பாத்துக்கிட்டு நின்னேன். மஞ்சக் கலரு மழக்கோட்டு. ஒங்க தலமுடியப் பிடிச்சிக்கிட்டு, எனக்கு டாட்டா வேற காட்டுனா. பின்னால இருந்த காம்பவுண்டுச் சுவரு விழுந்துது. ஆத்துத் தண்ணி அம்புட்டும் அந்த வழியா வந்துது. அத நீங்க பாக்கல. ஒங்க முதுகுப் பக்கம். நான் பாத்தேன்.

யாசர்: என் கையிலதான இருந்தா...

ரைஹானத்: கையிலதான் இருந்தா. ஒங்கள இழுத்துப் போட்ட பெறகும் கை மூடியேதான் இருந்துச்சி. பக்கத்து வீட்டு தாவூது அண்ணாச்சியும் இன்னொருத்தரும் வெரல் வெரலா பிரிச்சாங்க. மழக்கோட்டுக் கைய்யி கிழிஞ்சி உள்ள இருந்துச்சி. முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும்.

யாசர்: இத... இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லயே.

ரைஹானத்: சொல்லலயா? பிள்ளைய அடக்கிட்டு கபர்ஸ்தான்ல இருந்து நீங்க திரும்பி வந்த அன்னைக்கே சொன்னேன். சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. மறுநாளும் சொன்னேன். எந்திரிச்சிப் போயிட்டீங்க. ராதாபுரத்துக்குப் போன் போட்டு, ‘நீங்க விடல, நான் பாத்தேன்’னு சொன்னேன். என்ன சொன்னீங்க? ‘காத்தாலைக் காத்தாடிப் பக்கம் நிக்கேன், ஒன்னும் கேக்கல’ன்னு வச்சிட்டீங்க. ராதாபுரத்துல காத்து எப்பமாவது ஓஞ்சிருக்கா? அன்னையோட விட்டேன். இந்த மனுசன் நான் சொன்னாக் கேக்க மாட்டாரு, கொற்றன் கதைன்னா கேப்பாருன்னு தோணுச்சி.

யாசர்: எனக்காகவா எழுதுன?

ரைஹானத்: எனக்காகவும்தான். வெளியில எறங்குனா, பாவம் பிள்ளைய எழந்தவன்னு மொகத்தப் பாக்காங்க. கோட்டைக்குள்ள போயிட்டா நான் முத்துநாச்சி. எவனும் பாவம்னு சொல்ல முடியாது. அங்கன ஒக்காந்து அழுதேன். அங்கன வச்சித்தான் ஒங்களயும் பாத்தேன்.

யாசர்: அப்போ... என்ன மன்னிச்சிட்டியா?

ரைஹானத்: மன்னிக்கதுக்கு அதுல என்ன இருக்கு? குத்தம் இருந்தாத்தான மன்னிக்கணும்.

யாசர்: ரைஹானா...

ரைஹானத்: இருங்க. இன்னும் முடியல. குத்தம் ஒன்னு இருக்கு. அதுக்கு இன்னும் மன்னிக்கல. பிள்ளைய நீங்க விடல. என்னயத்தான் விட்டீங்க. நான் ஒருத்தி உசுரோட இருக்கேன்னு ஒங்களுக்கு மறந்துபோச்சி. பிள்ளையப் பத்திப் பேச ஊருல எனக்கு வேற யாரு இருக்கா? அவ தூக்கத்துல பல்லக் கடிப்பாள்லா, அது ஒங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான தெரியும்? நீங்க போயிட்டா நான் யாருகிட்டப் போயி பேச?

யாசர்: பல்லக் கடிக்கதுக்கு நீ வயித்துப் பூச்சி மருந்து குடுப்ப. அவ எனக்குக் கண்ணக் காட்டுவா. நான் வாங்கி சன்னல் வழியா...

ரைஹானத்: ஊத்துவீங்க. தெரியும். கீழ இருந்த ரோசாச் செடி பட்டுப்போனது எப்படின்னு நெனச்சீங்க?

யாசர்: தெரிஞ்சா வச்சிருந்த?

ரைஹானத்: தெரிஞ்சேதான்... ஏங்க, அழணும்னா உள்ள வந்து அழுங்க. ரெண்டு வருசமா அழாத அழுகைய வாசல்லயா வச்சி...

அசன் முகம்மது: யாரு வாசல்ல? ஏலே... நீயா?

யாசர்: மச்சான். அஸ்ஸலாமு அலைக்கும்.

அசன் முகம்மது: வ அலைக்கும் ஸலாம். ஸலாத்துக்குப் பதில் சொல்லணும், சொல்லிட்டேன். இப்பம் எறங்கு கீழ.

ரைஹானத்: காக்கா, நீங்க சாயங்காலம் அஸர் தொழுதுட்டுல்லா வாரேன்னு சொன்னீங்க?

அசன் முகம்மது: முந்தியே வந்ததும் நல்லதாப் போச்சி. ஏன்லே, பிள்ள மவுத்தான வீட்டுல என் தங்கச்சிய விட்டுட்டு ஓடுன பய நீ. இவ ஒரு வாரம் பச்சத் தண்ணி பல்லுல படாம கெடந்தா. என் பொண்டாட்டி ஹமீது பீவிதான் பக்கத்துல படுத்து ஊட்டி விட்டா. அப்பம் எங்கலே போன?

யாசர்: நீங்க சொல்லுதது சரிதான் மச்சான்.

அசன் முகம்மது: சரின்னு சொல்லாதடே, கோவம் வருது. ஏட்டி, ஜமாத்துல பேசியாச்சு. தலைவரு சாயங்காலம் வாராரு. முறையா பிரிச்சி விட்டுருவோம். ஒனக்கும் வயசு இருக்கு. இன்னொரு வாழ்க்க...

ரைஹானத்: தலைவருக்கு டீ போட்டுக் குடுக்கேன். குடிச்சிட்டுப் போவட்டும்.

அசன் முகம்மது: என்னளா சொல்லுத?

ரைஹானத்: பிரிய மாட்டேன்னு சொல்லுதேன்.

அசன் முகம்மது: இவன் வந்து நின்ன ஒடனே மனசு மாறிட்டா?

ரைஹானத்: மாறல. நீங்கதான் எங்கிட்ட கேக்கவே இல்ல. நீங்க எனக்குச் செஞ்சத நான் மறக்க மாட்டேன் காக்கா. ஒங்க சோத்தத் தின்னுட்டுத்தான் உசுரோட நிக்கேன். ஆனா பிர்தௌஸுக்கு வாப்பா ஒருத்தருதான். அவரத் தண்டிக்கதுன்னா நான் தண்டிப்பேன். மன்னிக்கதுன்னா நான் மன்னிப்பேன். ஜமாத்து எதுக்கு நடுவுல?

அசன் முகம்மது: ஊருல என்ன பேசுவாங்கன்னு...

ரைஹானத்: பேசட்டும். கோவத்தோடயே வச்சிக் குடும்பம் நடத்துதேன். எவனுக்கு என்ன நட்டம்?

அசன் முகம்மது: யா அல்லா. இவளுக்கு அந்தக் கதை எழுதி எழுதி ராணின்னே நெனப்பு வந்துட்டு. காலைல சுபுஹு தொழுத கையோட கடைசி அத்தியாயத்தப் போட்டுட்டாளாம். என் பொண்டாட்டி அத வாசிச்சிட்டு அடுப்புல இட்லிய வச்சத மறந்து அழுதுக்கிட்டு கெடக்கா. எனக்குக் காலைல சோறும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

ரைஹானத்: காக்கா!

அசன் முகம்மது: என்ன காக்கா? பொய்யா? கொற்றன் குத்தமில்லன்னு ராணி அவையில சொல்லிட்டாளாம். அந்தத் தளபதி விலங்க அவுத்ததும் நன்றிகூட சொல்லாம ஆத்துக்கு அக்கரையில போயி இருந்துக்கிட்டாராம். பெறகும் என்னமோ சொன்னா, நான் காதுல வாங்கல.

ரைஹானத்: நான் இவருகிட்ட இன்னும் எழுதி முடிக்கலன்னு சொன்னேன்... நேருல சொல்லணும்னு இருந்தேன். ஏங்க, அப்படிப் பாக்காதீங்க. என்ன, ஆச்சரியமே இல்லாம நிக்கீங்க? ஒங்களுக்கு... முன்னாலயே தெரியுமா?

அசன் முகம்மது: ஏலே, வாயத் தொறந்து பேசு. இத்தன நாளும் வராதவன் இன்னைக்கு எதுக்குலே வந்த?

யாசர்: கொற்றனக் கொல்லச் சொல்லத்தான் கெளம்புனேன், விடியக்காலம் வள்ளியூரு பஸ்ஸுலயே வாசிச்சிட்டேன் மச்சான். பெறகும் அதக் கேட்டது வாசல்ல நிக்க ஒரு சாக்கு. ராணி அக்கரைக்குத் தோணி ஏறுதா. அதோட முடிச்சிட்டா. எறங்குததுக்குக் கை குடுக்க அங்கன யாரு நிக்கான்னு எழுதல... அதான், நானே வந்துட்டேன்.