திங்கட்கிழமை கேரியர்

— ஹோல்டான், ஹோல்டான்! படம் வந்துச்சு வளரு!

— எங்க வந்துச்சு முத்துவேல் கண்டக்டரே? அது வெறும் நீலக் கலரு. ஒயரத் தப்பா குத்திக்கீறீங்களான்னு பாக்கறேன், கொஞ்சம் கம்முனு இருங்க.

— மஞ்ச ஒயர மஞ்ச ஓட்டையிலதான் குத்தினேன். முப்பது வருஷம் பஸ்ல விசில் ஊதி ரிட்டேர் ஆனவன், எனுக்குக் கலரு தெரியாதா?

— ஒயரு சரியாத்தான் கீது. கம்ப்யூட்டர் உள்ள சொருவுனோமே டிவி கார்டு, அது கேபிள் சேனலத் தேடிக்கினு கீது. உங்க வாசக் கேமரா கேபிள்ல வராது, இந்த மஞ்ச ஒயர்லதான் வரும். அத இங்க மாத்தணும்... தோ, மாத்திட்டேன்.

— இப்ப நீலமும் பூட்ச்சே! இங்கிலீஷ்ல இன்னாவோ எழுதிக் காட்டுது.

— டிவி பாக்கற புரோகிராமயும் தொறந்து வெச்சிக்கீறீங்க. ஒரு கார்டு, அத ரெண்டு புரோகிராம் புடிச்சி இழுக்குது. ஒரே சீட்டுல ரெண்டு பேரு குந்துனா எப்டி? அத மூடுங்க.

— என் பஸ்ல மூணு பேரு குந்துவாங்க. மூடிட்டேன், ரைட்.

— படம் வந்துச்சு. ஆனா கருப்பு வெள்ளையா மேலயும் கீழயும் ஓடுது.

— எங்க தெரு ரோடு அப்டித்தாம்மா கீது.

— ரோடு இல்ல, இது அமெரிக்கா டிவி கணக்குல நிக்குது. நம்மூரு டிவிக்கு பால்னு வேற கணக்கு.

— பசும்பாலா, எருமப்பாலா?

— ஐயோ, செத்த கம்முனு இருங்க! தோ... இப்பப் பாருங்க. உங்க கேட்டு, வாள மரம், சைக்கிளு.

— அடடடா! என் வூட்ட நானே டிவில பாக்கறேன்!

— வைஃபை கேமரான்னா அஞ்சு நிமிஷ வேல. கட மூடுனவங்க ஒதுக்கிப் போட்ட கேமரா, உங்க பையன் வுட்டுட்டுப் போன கம்ப்யூட்டரு, பழைய கார்டு. எதுக்கு இவ்ளோ பேஜாரு?

— நெட்டு ஒயர இந்தத் தெருவுக்கு இழுக்க மாட்டேன்றாங்கம்மா. கீறத வெச்சிப் பண்ணுவோம்.

— சரி, அப்டி இன்னா திருடு போச்சு?

— ஒண்ணும் போவல. வருது.

— இன்னா வருது?

— திங்கக்கெழமயானா, விடியக்காத்தால நான் கொல்லியில பயிருக்குத் தண்ணி வுடப் போற நேரம் பாத்து யாரோ கேட்ல ஒரு கேரியர மாட்டிட்டுப் போறாங்க. உள்ள கேவுரு மாவுல சுட்ட அட. முருங்கக்கீர போட்டது. ஆறு மாசமா இதே கததான்.

— யாருன்னு தெரியலயா?

— தெரிஞ்சா உத்திரமேரூர்ல கம்ப்யூட்டர் கட வெச்சிக்கீற உன்ன ஏன் இத்தினி தூரம் இட்டாறேன்? சூனியம் கீனியமா இருக்கப் போவுது.

— அட பாவமே. அத இன்னா பண்றீங்க?

— சாப்ட்டுடுவேன்.

— சூனியத்தயா?

— சூடா கீதேம்மா. ஞாயித்துக்கெழம கேரியரக் கழுவி திருப்பி மாட்டிடுவேன். காலியா எடுத்துக்கினு பூடுவாங்க.

— சிரிப்புக் காட்டாதீங்க. இங்க பாருங்க, படத்துல எதுனா அசைஞ்சாத்தான் ரெகார்டு ஆவும். நாளிக்குத் திங்கக்கெழமதானே? வசமா மாட்டிக்குவாங்க. மத்தியானமா கடைய சாத்திட்டு வந்து பாக்கறேன்.

\*

— நூத்தி நாப்பது ரெகார்டு! எல்லாமே வாள எல. காத்துல ஆடுனதுக்கெல்லாம் எடுத்து வெச்சிக்கீது.

— நான் தொடவே இல்லம்மா. நீ வந்து பாக்கட்டும்னு வுட்டுட்டேன்.

— மரத்த மறச்சி, கேட்ட மட்டும் பாக்கச் சொல்லிக் கட்டம் போட்டுட்டேன். இனிமே தொல்ல இல்ல. காலம்பற எடுத்தது தோ... காக்கா. நாயி. பால்காரரு. ஆறு மணி எட்டு நிமிஷம், ஒரு பொம்பள! கையில கேரியர் கீது. மாட்றாங்க, மாட்டிட்டாங்க... கண்டக்டரே.

— சொல்லும்மா.

— இது நான் பொங்கலுக்கு எடுத்துக் குடுத்த பொடவ.

— அப்டியா.

— இது எங்கம்மா!

— ம்.

— திருப்புலிவனம் சிவன் கோயிலுக்குன்னு சொல்லிட்டு மொத பஸ்ல ஏறுதே, இங்கதான் வருதா? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— ஹோல்டான், கோச்சிக்காத. தெரியும். மொதக் கேரியர என் கையிலதான் குடுத்தாங்க உங்கம்மா பரிமளா.

— அப்ப யாருன்னு தெரியலன்னது?

— பொய். சூனியமும் பொய். சூடா இருந்தது மட்டும் நெசம்.

— சிரிக்காதீங்க! அப்பா செத்து பதினோரு வருஷம் ஆவுது. அம்மா தனியா ஆயிடுமேன்னு வந்த மாப்பளயெல்லாம் வேணாம் வேணாம்னுகினு கீறேன் நானு. இது அட சுட்டு எடுத்துக்கினு ஊர் வுட்டு ஊர் வருது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!

— எத்தினியோ தபா வாயெடுத்தாங்களாம். உன் மூஞ்சியப் பாத்ததும், சாப்ட்டியான்னு கேட்டு முடிச்சிடுவாங்களாம். பதினாலு வருஷம் என் பஸ்லதாம்மா காஞ்சிபுரத்துக்கு வேலைக்குப் போனாங்க. ஒரு நாளு ஜன்னல் சீட்டுக்கு சண்ட போட்டதில்ல. என் வூட்டுக்காரி செத்துப் பூட்டப்ப ஊரே வந்துச்சு. மறுவாரம் வந்து, சாப்ட்டீங்களான்னு கேட்டது அவங்க ஒருத்தர்தான்.

— அதுக்கு? என்னையே கூப்ட்டு, என் கையாலயே இத மாட்ட வெப்பீங்களா?

— படத்த நிறுத்திட்டியே. மேல ஓட வுடு.

— இன்னும் இன்னா கீது... அம்மா கேமராவப் பாக்குது. நேரா பாக்குது. கைய ஆட்டுது! கேமரா கீறது அதுக்குத் தெரியுமா?

— வெக்கச் சொன்னதே அவங்கதாம்மா. நேருக்கு நேரா சொல்ல தெகிரியம் வரல, அவளே பாத்துத் தெரிஞ்சிக்கட்டும்னாங்க.

— இன்னாவோ பேசுது. சத்தம் வரலியே.

— சத்தத்துக்கு ஒயரே குத்தலியே நாம.

— இன்னா பேசுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். காலம்பற கேட்டாண்ட நின்னு என் காதுபடத்தான் சொன்னாங்க. "வளரு, நீ வேணாம்னா இத்தோட நிறுத்திக்கறேன்." அவ்ளோதான்.

— இருங்க, திருப்பி ஒரு தபா ஓட்டிப் பாக்கறேன்.

— அழுவாதம்மா.

— யாரு அழுவறா? அது தலையப் பாருங்க. பூ வெச்சிக்கினு கீது. அப்பா பூட்டப்புறம் அம்மா தலையில நான் பூ பாத்ததே இல்ல.

— பஸ்ல ஏறி ஊரத் தாண்டினப்புறம்தான் வெச்சிக்குவாங்களாம். திரும்பிப் போவசொல்ல எடுத்துடுவாங்க.

— எதுக்கு எடுக்கணும்?

— நீ பாத்துடுவேன்னுதான்.

— போனக் குடுங்க, என்னுதுல சார்ஜ் இல்ல... அம்மா? நான்தான். ஆமா, அவரு வூட்லதான் கீறேன். பாத்துட்டேன். இன்னாத்துக்கு நீ அழுவற, கம்முனு கேளு. அடுத்த திங்கக்கெழம பஸ்ஸுக்கு நிக்காத, நானே உன்ன வண்டில இட்டாறேன். பூவ வூட்லயே வெச்சிக்கினு கெளம்பு.