புளியரை தாண்டியாச்சு

— உம்மாவை சாயங்காலம் அஸர் வரைக்கும் வச்சிருந்தவிய, பொழுதடைஞ்சு மஃரிபு வரைக்கும் வச்சிருக்கக் கூடாதா லாத்தா?

— ஏலே தம்பி முஃபீது, வந்த நாள்ல இருந்து இதையே கேட்டுக்கிட்டு இருக்கே. குழியில தண்ணி ஊறுது, இன்னும் தாமதிச்சா கரை இடிஞ்சிரும்னு கபர் வெட்டுனவரு வந்து நிக்காரு. வாப்பா என்ன செய்வாவ? உம்மாவைத் தண்ணிக்குள்ளயா இறக்கச் சொல்லுதே?

— அவளுக்கு நான் ஒத்த ஆம்பளப் பிள்ளை. இறக்கி வைக்க நான் இல்ல. மூணு பிடி மண்ணு போட நான் இல்ல. மய்யித்தை அவ்வளவு நேரம் போட்டு வச்சவிய, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா நான் வந்திருப்பேன்லா. அதைத்தான் கேக்கேன்.

— சரிலே, அழாத. கார் கண்ணாடியை ஏத்து, சாரல் உள்ள அடிக்கு. உன் பொண்டாட்டி ஜுஹைனாவும் பிள்ளையும் அருவியில இருந்து வாரதுக்குள்ள மூஞ்சியைத் தொடச்சுக்கோ. நாளைக்கு ஷார்ஜாவுக்குப் போற மனுசன், பிள்ளை முன்னால இப்படியா உக்காந்திருப்பே?

— அவிய இப்ப வர மாட்டாவ. ஐந்தருவியில பொம்பளைய வரிசை ரோடு வரைக்கும் நிக்கு.

— நீயும் போயி தலையைக் காட்டிட்டு வந்திருக்கலாம்லா.

— மனசு இல்ல. ஊரே சீசன் நல்லாருக்கு, சாரல் நல்லாருக்குன்னு கொண்டாடுது. இதே மழைதான் மலைக்கு அந்தப் பக்கம் எங்க பிளேனை இறங்க விடாம விரட்டுச்சு.

— மழையை ஏன் திட்டுதே? அது வருசா வருசம் ஆனி மாசம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. உங்க பிளேனு ரெண்டு தடவை கீழ வந்துட்டு மேல போச்சுன்னு நீதானே சொன்னே. அதுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு இறங்குச்சாமே. அவனுக்கு மட்டும் மழை வழி விட்டுச்சோ?

— அது ரெண்டும் புதுப் பிளேன் லாத்தா.

— புதுசு நனையாதோ?

— அப்படி இல்ல. அதாவது...

— ஆரம்பிச்சுட்டான் அதாவதுன்னு. ஏலே, நான் சுரண்டையில நைட்டி விக்கவ. உன்னை மாதிரி பிளேனைக் கழட்டி மாட்டுதவ இல்ல. எனக்கு வெளங்குத மாதிரி சொல்லு.

— மேல சாட்டிலைட்டு இருக்குல்லா, அது சொல்லுத இடம் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். ரோட்டுல போற காருக்கு அது போதும். மேகத்துக்குள்ள தரை தெரியாம இறங்குத பிளேனுக்குப் போதாது. முக்கியமா உயரத்துல தப்பு வரும். அதனால நாட்டுல அங்கங்க தரையில கருவி நட்டு வச்சிருக்காவ. அந்தக் கருவி எங்கன நிக்குன்னு அச்சு அசலாத் தெரியும். சாட்டிலைட்டு சொல்லுததுக்கும் அதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாத்து, அந்தத் திருத்தத்தை இன்னொரு சாட்டிலைட்டுக்கு ஏத்தி விடுவாவ. அது பிளேனுக்குச் சொல்லும். ககன்னு பேரு. நம்ம கவர்மெண்டு சமாச்சாரம்.

— ஒருத்தன் வழி சொல்லுதான். அவன் எவ்வளவு தப்பாச் சொல்லுதான்னு பக்கத்துல நிக்கவன் சொல்லுதான். அவ்வளவுதானே?

— அவ்வளவுதான். அதைக் கேட்டு வாற பிளேன் மேகத்துக்குள்ள இன்னும் நல்லாக் கீழ வரலாம். கேக்காத பிளேன், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியலைன்னா ரொம்ப மேலயே திரும்பிரணும். அன்னைக்குக் காத்து மாறி அடிச்சுது. எதிர்ப்பக்கமா வந்து இறங்கணும். அந்தப் பக்கம் தரையில வழிகாட்டுத கருவி கிடையாது. புதுப் பிளேன்காரன் ககனைக் கேட்டு இறங்கிட்டான். எங்க கம்பெனிப் பிளேன் பழசு, அதைக் கேக்குத பெட்டி அதுல இல்ல.

— பெட்டி இல்லைன்னா? அதுக்கு மாசா மாசம் காசு கட்டணுமோ?

— சிக்னல் சும்மாதான் வருது. பெட்டி, வயரு, ஆன்டெனா நம்ம மாட்டணும். மாட்டி முடிக்க வரைக்கும் பிளேன் பறக்காம கெடக்கணும். கம்பெனிக்கு அதுதான் வலிக்கு. புதுசா வாற பிளேன்ல இருந்தே ஆகணும்னு சட்டம் சொல்லுது. பழசுன்னா தப்பிச்சுக்கிடலாம்.

— எனக்கு ஒண்ணு சொல்லு. தென்காசிக்குப் போறதுக்கு முன்னால கொல்லம் ரயிலு எங்கன வருதுன்னு போன்ல பாப்பேன். பகவதிபுரம்னு காட்டும், அங்கனதான் நிக்கும். அது எப்படி அவ்வளவு சரியாச் சொல்லுது?

— இப்ப நெறைய இஞ்சின் கூரையில ஒரு பெட்டி வச்சிருக்காவ. அதுக்கும் ககன்தான்.

— ஓகோ. தண்டவாளத்தை விட்டு எங்கயும் போக முடியாத ரயிலுக்குப் பெட்டி இருக்கு. ஆகாசத்துல கண்ணு தெரியாமப் பறக்கதுக்கு இல்ல. நல்லாருக்குலே உங்க தொழிலு.

— நீ கேலி பண்ணு. வேற என்ன செய்ய?

— மாட்டச் சொல்லு. நீதானே அங்கன இந்தப் பெட்டி சட்டியெல்லாம் மாட்டுதவன்.

— நான் மாட்டுதவன். மாட்டச் சொல்லுதவரு விஜயசங்கர் சாரு.

— காலையில போன்ல குழைஞ்சு குழைஞ்சு பேசுனியே, அவரா?

— அவருதான். நான் போன உடனே மீட்டிங்கு இருக்கு. பழைய பிளேன்ல பெட்டி மாட்டணுமா வேண்டாமான்னு அன்னைக்கு முடிவு பண்ணிருவாவ. அந்தப் பிளேன்ல அன்னைக்கு நானும் உக்காந்து வந்தவன்லா. எங்க ஆளு ஒருத்தனே பயணியா இருந்தானே, அவன் சொல்லட்டும்னு என்னை எழுப்பி விடுவாவ. நான் சொல்லுததுதான் எடுபடும்னு சாரே சொல்லுதாரு.

— அல்லாவாப் பாத்துக் குடுத்த வாய்ப்புலே அது. எந்திரிச்சு நல்லாக் கேளு. கேப்பேல்லா?

— எல்லாம் வாடகைப் பிளேன் லாத்தா. ரெண்டு வருசத்துல திருப்பிக் குடுத்துருவாவ. சொல்லப்போனா, குடுக்கப் போற வீட்டுக்கு யாரும் வெள்ளையடிக்க மாட்டாவ.

— நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்லுதே? மீட்டிங்குல என்ன சொல்லப் போறே?

— பெரிய பாதிப்பு ஒண்ணும் இல்ல, இருக்கதை வச்சுச் சமாளிச்சுக்கிடலாம்னு சொல்லப் போறேன்.

— முஃபீது!

— கத்தாத. ஆளுவ பாக்காவ.

— பாக்கட்டும். மழையைத் திட்டுதே, என்னையும் வாப்பாவையும் நிக்க வச்சுக் கேள்வி கேக்கே. கேக்க வேண்டிய இடத்துல போயி வாலைச் சுருட்டிக்கிடுவியோ?

— ஜுஹைனாவையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போணும் லாத்தா. ஃபேமிலி விசாவுக்கு சாருதான் கையெழுத்துப் போடணும், அவருக்கு இந்தப் பெட்டிச் செலவு பிடிக்கல. இத்தனை வருசம் போன்லயே குடும்பம் நடத்துனது போதாதா? பிள்ளை என்னைக் கண்டா அவ உம்மா முந்தானைக்குள்ள ஒளியுதா.

— அதுக்காகப் பொய் சொல்லுவியா?

— பொய் இல்ல. அதுதான் எனக்கு ஆறுதலே. பைலட்டு தப்புப் பண்ணல. தெரியாத இடத்துல இறங்காமத் திரும்புனாரு பாரு, அது அவரு கடமை. கொச்சியில பத்திரமா இறக்குனாரு. யாருக்கும் ஒண்ணும் ஆவல. லேட்டு, அவ்வளவுதான்.

— லேட்டு, அவ்வளவுதான்.

— நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன் லாத்தா. பிளேன் நேரா இறங்கியிருந்தா மட்டும் என்ன? உம்மா விடியக்காலம் ஃபஜ்ருக்கு முன்னாலயே போயிட்டா. ஷார்ஜாவுல நான் பிளேன் ஏறும்போதே அவ இல்ல. வந்திருந்தா முகத்தைப் பாத்திருப்பேன், தோள் குடுத்திருப்பேன், மண்ணு போட்டிருப்பேன். அது போச்சேன்னு சாகுத வரைக்கும் வருத்தம் இருக்கும். ஆனா உசிரோட இருக்க உம்மாவை எந்தப் பெட்டியும் எனக்குக் காட்டியிருக்காது. அந்த ஒரு நெனைப்புலதான் நான் தூங்குதேன்.

— யாருக்கும் ஒண்ணும் ஆவலைன்னா சொல்லுவே?

— ஆவலையே.

— எந்திரிச்சு நின்னு, அத்தனை பேரு முன்னால, அப்படியே சொல்லுவே?

— ஆமா. அதுதானே உண்மை. ஏன் லாத்தா? ஏன் அப்படிப் பாக்கே?

— வாப்பா என் தலையில கை வச்சு சத்தியம் வாங்கியிருக்காவ. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு. தெருவுல அத்தனை பேருகிட்டயும் சொல்லி வச்சிருக்காவ. ஜுஹைனாவுக்கும் தெரியும்.

— என்ன தெரியும்?

— அவ்வளவு நேரம் போட்டு வச்சவியன்னு சொன்னியே. நாங்க அவ்வளவு நேரம் வச்சிருக்கவே இல்லலே.

— எனக்குப் புரியல.

— ஃபஜ்ருக்கு உம்மா சாயா கேட்டா. நாந்தான் கரண்டியில ஊட்டுனேன். ரெண்டு மடக்கு குடிச்சுட்டு, என் பிள்ளை ஏறிட்டானான்னு கேட்டா.

— லாத்தா, விளையாடாத.

— வாப்பா பிளேன் வார வழியைப் போன்ல போட்டு அவ கண்ணுக்கு நேரப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாவ. மஞ்சப் பிளேனு ஒண்ணு கடல் மேல ஊர்ந்து வருதுல்லா, அதுக்குள்ளதான் உன் மவன் இருக்கான்னு. அவளுக்கு அதைப் பாத்துப் பாத்துத்தான் மூச்சே ஓடிக்கிட்டு இருந்துச்சு. கரைக்கிட்ட வந்துச்சு. வட்டம் போட்டுச்சு. திரும்ப வந்துச்சு. பொறவு வடக்க பாத்துப் போச்சு. நான் போனைப் பிடுங்கி மடியில மறைச்சுக்கிட்டேன். இறங்கிட்டானாட்டின்னு கேட்டா. இறங்கிட்டான் உம்மான்னேன்.

— நான் கொச்சியில இருந்து கூப்பிட்டேனே. உம்மா எப்படி இருக்கான்னு கேட்டேன். வா, பேசிக்கிடலாம்னு வாப்பா வச்சுட்டாவ.

— அவ காது பக்கத்துலதான் கெடந்துச்சு போனு. கொச்சிங்க சத்தம் அவளுக்குக் கேட்டிரக் கூடாதேன்னு வச்சுட்டாவ.

— உம்மா எப்ப மவுத்தானா, உசிரு எப்பப் போச்சு? உண்மையைச் சொல்லு.

— மத்தியானம் லுஹர் பாங்குக்குப் பொறவு. நீ நேரா இறங்கியிருந்தா பாங்குக்கு முன்னாலயே அவ கட்டில் பக்கத்துல இருந்திருப்பே. நீ வந்த கோலத்தைப் பாத்துட்டு, இவன் இதைத் தாங்க மாட்டான், உம்மா ஃபஜ்ருக்கு முன்னாலயே போயிட்டான்னு சொல்லிருவோம்னு வாப்பாதான் சொன்னாவ. நானும் சரின்னேன். உன்னைத் தூங்க வைக்கச் சொன்ன பொய்லே அது. அதைத் தூக்கிக்கிட்டுப் போயி மீட்டிங்குல வைக்கப் போறியே, அதுதான் எனக்குப் பொறுக்கல.

— அல்லாவே. என்னைய கேட்டாளா? கடைசி வரைக்கும் கேட்டாளா?

— கேட்டுக்கிட்டேதான் இருந்தா. உன்னை ஏத்தி விடவும் கூட்டிட்டு வரவும் எத்தனை தடவை அந்த ரோட்டுல போயிருக்கா, அவளுக்குப் பாதை தெரியும்லா. எங்கன வாரான்னு கேட்டா. குளத்துப்புழை வந்துட்டான்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கெடந்தா. இப்ப எங்கனன்னா. ஆரியங்காவுன்னேன். மழையா இருக்குமே, மெதுவா வரச் சொல்லுன்னா. கோட்டவாசல் எறக்கத்துல மெதுவாத்தான் வாரான் உம்மான்னேன்.

— போதும் லாத்தா.

— புளியரை தாண்டியாச்சுன்னேன். அதுக்குச் சிரிச்சா. நம்ம பக்கம் வந்துட்டான்லான்னா. வாப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாவ.

— லாத்தா, வேண்டாம்...

— செங்கோட்டைன்னேன். பண்பொழின்னேன். நீ கொச்சி ரோட்டுல எங்கயோ வந்துக்கிட்டு இருக்கே. நான் உன்னை நம்ம ஊரு வடகரைக்குக் கொண்டாந்து, பள்ளிவாசல் முக்குல திருப்பி, நம்ம வாசல்ல வண்டியை நிறுத்திட்டேன். அவ கழுத்தைத் திருப்பி வாசலைப் பாத்தா. பாத்துக்கிட்டே கெடந்தா. அதுக்கு மேல சொல்ல எனக்கு ஒரு ஊரு கூட மிச்சம் இல்லலே.