உருளைக்கிழங்குப் பீரங்கி

— ஏங்க, மறுபடியும் குமிழ் வருதுங்க.

— எங்க? அதே ஜாயிண்டா?

— அதேதான். சோப்புத் தண்ணியைத் தடவினதும் புசுபுசுன்னு கிளம்புது. பேசாம உங்க உருளைக்கிழங்குப் பீரங்கியை மூலையில போட்டுட்டு, கிழங்கை அடுப்புல வெச்சுடட்டுமா?

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அதை அறுத்துட்டுப் புதுசா ஒட்டும்மா.

— நல்லா இருக்கு கதை. ஊருக்கெல்லாம் குழாய் போட்டது நீங்க. ரம்பம் பிடிக்கிறது நானா?

— நான் ரெண்டு இழுப்பு இழுத்தா, மூணாவதுக்கு ஆம்புலன்ஸ் வரணும். மூக்குல இந்த ட்யூப்பை மாட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்து சொல்லத்தான் முடியும். அறு. கோணாம, நேரா.

— அறுத்து அறுத்துக் குழாயே குட்டையாயிடுச்சு. இப்படியே போனா பீரங்கி புல்லாங்குழல் ஆயிடும்.

— சிரிக்க வைக்காதம்மா, இருமல் வருது.

— இந்தாங்க தண்ணி. மெதுவா, மெதுவா. எதுக்குங்க இந்த வயசுல இந்த விளையாட்டு? அதிகம் பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

— டாக்டர் வேறயும்தான் சொன்னார். கதவுக்கு வெளிய நின்னு நீயும் கேட்டே.

— அந்தப் பேச்சு வேண்டாம்.

— சரி, வேண்டாம். ஆசைன்னு வெச்சுக்கோயேன். காலமெல்லாம் குழாய்ல தண்ணி விட்டே பொழைச்சேன். ஒரு தடவை காத்தை விட்டுப் பாக்கணும். பருத்த குழாய்ல சைக்கிள் பம்பால காத்தை அடைக்கிறோம். நடுவுல வால்வு. அந்தப் பக்கம் ஒல்லிக் குழாய், அதுக்குள்ள கிழங்கு. வால்வைத் திருப்பினா சும்மா ஜம்முன்னு பறக்கும் பாரு!

— பறந்து போய் அடுத்த வீட்டு ஜன்னலை உடைக்கும்.

— பின்னால காலி மைதானம் எதுக்கு இருக்கு? ஆள் இருக்கிற பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது, கேட்டியா? அதெல்லாம் அப்புறம். முதல்ல காத்து நிக்கட்டும். அடுத்த வீட்டு டிரைவரைப் பாரு, நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நம்ம சமையலறையில வந்து ஒரு ஜாயிண்டு போட்டானே, இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. ஸ்டீயரிங் பிடிக்கிற கை அது. அவனாலயே முடியும்போது உனக்கென்ன?

— ஆமா, அவர் பெரிய கெட்டிக்காரர்தான். இந்தாங்க, அறுத்தாச்சு.

— அந்தத் துண்டை இப்படிக் கொடு. இதென்ன, உள்ள ஒரு பக்கம் பசையே இல்ல?

— அவசரத்துல விட்டுப்போயிருக்கும்.

— நேத்து அறுத்த துண்டு எங்க? அதையும் எடு. பாத்தியா, இதுலயும் அதே மாதிரி ஒரு விரல் அகலத்துக்குக் காஞ்சு கிடக்கு. புதுசா ஒட்டுறவங்க பசையை அள்ளி அப்புவாங்கம்மா. கை, முழங்கை, சட்டை எல்லாம் பசையா இருக்கும். இப்படி அளந்து விடமாட்டாங்க.

— வெயில் ஏறுது. உள்ள போலாம், வாங்க.

— என்னைப் பாத்துப் பேசு. வேணும்னே செஞ்சியா?

— காலை மாத்திரை போட்டீங்களா?

— பேச்சை மாத்தாத! எனக்குக் கிழங்கா முக்கியம்? குழாய் வேலை கத்துக்கோன்னு நேராச் சொன்னா, காதைப் பொத்திக்கிட்டு அழறே. விளையாட்டுன்னா நீ கையில எடுப்பேன்னுதான் பீரங்கின்னு ஆரம்பிச்சேன். அதே குழாய், அதே பசை, அதே வால்வுதான் இந்த வீடு முழுக்க ஓடுது. நாளைக்கு மாடித் தொட்டி ஒழுகினா யாரைக் கூப்பிடுவே? என் வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணிக்கு நீ இன்னொருத்தர் வாசல்ல போய் நிக்கணுமா? அதை நெனச்சா எனக்குக் கண்ணு மூட மாட்டேங்குது.

— கத்தாதீங்க. மூச்சு வாங்குது பாருங்க.

— வாங்கட்டும். இது ஒண்ணை மட்டும் நீ கத்துக்கிட்டா, நான் நிம்மதியா...

— சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அதை மட்டும் சொல்லாதீங்க.

— அப்போ அந்த டிரைவரையாவது கூப்பிடு. நான் போறதுக்குள்ள அவன்கிட்டயே உனக்குக் கத்துக்கொடுக்கச் சொல்றேன்.

— அவருக்கு டயரைத் தவிர ஒண்ணும் கழட்டத் தெரியாதுங்க. சமையலறை ஜாயிண்டு நான் போட்டது.

— நீயா? உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?

— யாரு சொல்லித் தரணும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க கையைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு வீடெல்லாம் தண்ணி. உங்க பையைத் திறந்தேன், போட்டேன்.

— அப்புறம் ஏன்மா டிரைவர்னு பொய் சொன்னே? இதை ஏன் ஒழுக விட்டே?

— எனக்கு இந்த வேலை கைவந்துடுச்சுன்னு தெரிஞ்சா, நீங்க நிம்மதியா கிளம்பிடுவீங்களே.