சீக்குப் பிடித்த கேலக்சிகள்

வெயில் காலத்தில் எங்கள் கோழிகளுக்கு மோர் உண்டு. உங்களுக்கும் அதே பானையிலிருந்துதான் ஊற்றியிருக்கிறேன், தயங்காமல் குடியுங்கள் சார். சேலத்திலிருந்து மோகனூர் வரை பஸ்ஸில் வந்து, உங்கள் மாணவியின் ஆராய்ச்சி எங்கே போனது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ரஞ்சிதாவின் புருஷன் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

என் பெயர் பூபதி. முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். காலையில் கொட்டகைக்குள் நுழைந்தால் என் கண் நல்ல கோழியைத் தேடாது. கொண்டை வெளுத்தது, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பது, இவற்றைத்தான் தேடும். கண்டால் தூக்கி அப்புறப்படுத்திவிடுவேன். இதைக் கழிப்பது என்போம். இரக்கப்பட்டு ஒன்றை விட்டால் கொட்டகையே போய்விடும்.

போன மாதம் ரஞ்சிதா லேப்டாப்பில் சில படங்களைக் காட்டினாள். எல்லாம் குள்ள கேலக்சிகளாம். நட்சத்திரம் கொஞ்சம், சுற்றிலும் ஹைட்ரஜன் வாயு ஏராளம். ரேடியோ தொலைநோக்கியில் பிடித்தது.

“நீலமா இருக்கற பக்கம் வாயு நம்மளப் பாத்து வருதுங்க மாமா. செவப்புப் பக்கம் வெலகிப் போவுது,” என்றாள்.

ஒரு படத்தில் பாதி நீலம், பாதி சிவப்பு, கோடு கிழித்துப் பிரித்தது மாதிரி. பார்க்கவே ஆரோக்கியமாக இருந்தது. மற்றவற்றில் இரண்டும் கலந்து கிடந்தன. ஒன்றில் வாயு முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. இன்னொன்றில் நட்சத்திரங்கள் ஒரு திசையில் சுற்ற, வாயு எதிர்த்திசையில் சுற்றியது.

“இதுக்கெல்லாம் என்ன சீக்கு புள்ள?”

“சீக்கில்லைங்க. சின்னதுங்கறதால வாயுவ இழுத்துப் புடிக்கத் தெம்பு பத்தாது. எது தள்ளுச்சோ அந்தப் பக்கம் போயிருக்குது. ஏன் போச்சுன்னு கண்டுபுடிக்கறதுதான் என்னோட ஆராய்ச்சியே.”

தெம்பு பத்தாது என்று அவள் வாயாலேயே சொன்னாள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் நெதர்லாந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் கோணல் கேலக்சிகளைப் பார்த்து அசந்துபோய், அங்கேயே வந்து வேலை பார்க்கச் சொன்னார்களாம். வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தாள். நானும் சந்தோஷப்பட்டேன். சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பிறகு நிதானமாக யோசித்தேன். சீக்குச் சரக்கை எடுத்துக்கொண்டு அன்னிய தேசத்தில் போய் நின்றால் நம் நாமக்கல் மாவட்டத்தின் பெயர் என்ன ஆவது? அவள் கடைக்குப் போயிருந்த ஒரு மதியம், லேப்டாப்பைத் திறந்து அந்தப் படங்களைக் கழிக்க உட்கார்ந்தேன். கோபமெல்லாம் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து, கலைந்து கிடந்ததை அழித்தேன். பல கோடி சூரியன்களின் எடையுள்ள வாயு என்று சொல்லியிருந்தாள். கைக்கு ஒன்றும் கனமாகத் தெரியவில்லை.

கழித்தபின் கொட்டகையைக் கழுவுவது முறை. ஆகவே லேப்டாப்பின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். நகல் வைத்திருந்த ஹார்ட் டிஸ்கில் தொற்று இருக்கலாம் என்று, கொட்டகைக்குள் நுழையுமுன் நாங்கள் செருப்பை முக்குகிற மருந்துத் தண்ணீரில் அதை ஊறப்போட்டேன். பென் டிரைவை எரித்து, சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன். பறவைக் காய்ச்சல் வந்தால் அரசாங்கமே சொல்லும் முறைதான்.

மிஞ்சியது அந்த ஒரே ஒழுங்கான கேலக்சி. கடையிலிருந்து வந்து லேப்டாப்பைத் திறந்த ரஞ்சிதா அழவில்லை. அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இது சும்மா ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு வெச்சிருந்ததுங்க மாமா. மத்ததெல்லாம் மறுபடி மொதல்லருந்து செய்யோணும்னா மூணு வருசம் ஆகும். அதுக்குள்ள அந்த எடம் போயிரும்,” என்றாள். துணிகளை எடுத்துக்கொண்டு அம்மாபேட்டைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. கொட்டகையிலேயே கிடக்கிறேன்.

ஆக, செய்தது நான்தான் சார். காரணம் சுகாதாரம் மட்டுமே. அவள் போய்விடுவாள் என்ற பயம் எனக்கு எள்ளளவும் இருந்ததில்லை. தீவனம் அரைக்கும் மெஷினில் அவளுடைய பாஸ்போர்ட் விழுந்தது முழுக்க முழுக்கத் தற்செயல். அட்டை கெட்டியாக இருந்ததால் இரண்டாவது தடவையும் போட வேண்டியிருந்தது.