எஞ்சினில் மிச்சம் நின்ற தண்ணீர்

ஹலோ... ஹலோ, ஸ்டெபியா? நான் பேச்சிராஜா பேசுதேன்மா, மெக்கானிக்கு... ஆமா, திரேஸ்புரம் பட்டறையில இருந்துதான். இது டீக்கடை அண்ணாச்சி போனு. என் போன்ல சார்ஜ் செத்துட்டு...

ஆமா, ஆமா. ஒன் தம்பி பவுல் சொல்லிட்டானா? எட்டு மாசமா சும்மா கெடந்த படகு எஞ்சின் வேலை முடிஞ்சிட்டு. ஹெட்ட கழட்டி மட்டம் பாத்து, புது கேஸ்கட் போட்டு, எல்லாம் மாட்டியாச்சு. நேத்தே ஸ்டார்ட் பண்ணிட்டேன்...

இல்லம்மா, இன்னைக்கு குடுக்க முடியாது. அவன் நாளைக்கு கடலுக்குப் போறதா இருந்தா வேண்டாம்னு சொல்லிரு.

பவுல்ட்ட பேசுதேன், அது பெறவு. இது ஒன்ட்டதான் சொல்லணும். வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு காலைல பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். திரும்பிட்டேன்... ஒக்காந்திருக்கியா? ஒக்காரு.

எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. நல்லா ஓடுது. ஆனா வெள்ளப் புகையா வருது... ஆமா, புகைதான். அன்னைக்கு கடல்ல கேஸ்கட் வெடிச்சப்ப, சூடு தணிக்க ஊத்துத கூலன்ட் உள்ள எறங்கிருக்கும்லா? அந்த மிச்சம் சைலன்சர் வழியா ஆவியாப் போவும். ஒரு அரை மணி நேரம் ஓட விட்டா நின்னுரும். எல்லா எஞ்சினுக்கும் உள்ளதுதான். நானும் அப்படித்தான் நெனச்சு ஓட விட்டேன்... நிக்கல. ஒரு மணி நேரம் ஓடியும் நிக்கல. பட்டறை பூரா புகை.

எனக்கு அங்கன நிக்க முடியல ஸ்டெபி. ஒன் வீட்டுக்காரன் ஆன்றோ என் முதுகுக்குப் பின்னால நின்னு, இன்னுமா முடியலன்னு கேக்குத மாதிரியே இருந்துச்சு...

ஆமா. அவன் போயி எட்டு மாசமா இப்படித்தான். வேல செய்யும்போது பாக்காமலே பின்னால கைய நீட்டிருதேன், அவன் ஸ்பேனர எடுத்துக் குடுப்பான்னு. பெறவுதான் ஞாபகம் வரும்.

இல்ல, சொல்லுதேன், சொல்லுதேன். பயப்படாத.

இன்னைக்கு காலைல மூடியத் தொறந்து பாத்தா, நான் புதுசா ஊத்துன பச்ச கூலன்ட்டு பழுப்பா கலங்கிக் கெடக்கு. அப்ப பழைய தண்ணி உள்ள எங்கயோ தங்கியிருக்குன்னுதான அர்த்தம். எல்லாத்தையும் எறக்கினேன். எஞ்சினுக்கு அடியில தண்ணி வடியிறதுக்கு ஒரு பிளக்கு இருக்கு. அது துருப்பிடிச்சு அடைச்சிக் கெடந்துச்சு. கம்பிய விட்டுக் குத்துனேன். ஒரு செம்பு தண்ணி வந்துச்சு... ஆமா, தண்ணிதான். கூலன்ட் இல்ல. உப்பான்னு நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பும் இல்ல. நல்ல தண்ணி.

இந்தா முடிச்சிருதேன் அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிஷம்... ஒன்னச் சொல்லல ஸ்டெபி, கடைக்காரர்ட்ட சொன்னேன்.

அந்தத் தண்ணியில சீரகம் கெடந்துச்சு.

...

லைன்ல இருக்கியா?

சீரகம்தான்மா. மொதல்ல துருத்தூள்னு நெனச்சேன். துணியில வடிகட்டி, வெயில்ல கொண்டு போயிப் பாத்தேன். ஏழெட்டு இருக்கும். ஊறி உப்பிப் போயி... அவன் வயித்துக்கு ஆகாதுன்னு நீதான சீரகம் போட்டு காய்ச்சிக் குடுப்ப? காலையில அவசரத்துல வடிகட்டாம அப்படியே கேன்ல ஊத்திருவ. பட்டறைக்கு வந்தாலும் அந்தத் தண்ணியத்தான் குடிப்பான். பல்லுல மாட்டுதுன்னு துப்பிக்கிட்டே இருப்பான்...

இல்ல, அந்தக் கடைசித் தடவைக்கு முன்ன ஊத்துனது இல்ல. அவன் நண்டு வலை எடுக்கப் போனதுக்கு மொத நாளு, நான்தான் எஞ்சின பூரா கழுவி விட்டு புது கூலன்ட் ஊத்திக் குடுத்தேன். அதுக்கப்புறம் அந்த எஞ்சின் ஒரே ஒரு தடவதான் கடலுக்குப் போச்சு.

ஆமா. அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீ கேன நெறச்சுத்தான் குடுத்திருக்க ஸ்டெபி. காலி கேன குடுத்து அனுப்பல.

...

சரி... சரி, அழு. நான் இருக்கேன்.

...

தெரியும்மா. ஊர் பூரா பேசுனது எனக்கும் தெரியும். நாலாம் நாளு கீழவைப்பார் ஊர்க்காரங்க அவன் உடம்போட படக இழுத்துட்டு வந்தப்ப, கேன் உள்ளுக்குள்ள காஞ்சு கெடந்துச்சு. பாத்தவன் எல்லாம், பொண்டாட்டி தண்ணி வைக்காம அனுப்பிட்டான்னுதான் சொன்னான். ஒன் மாமியாரு அடக்கத்தன்னைக்குச் சொன்னதையும் கேட்டேன், நான் பக்கத்துலதான் நின்னேன். கடைசியில நீயே நம்பிட்ட. நெறச்சேனா இல்லையான்னு ஞாபகமில்லன்னு பவுல்ட்ட சொன்னியாமே...

என்ன நடந்திருக்கும்னா... கூலன்ட் போற ஹோஸ் கிழிஞ்சிருக்கு. அவன் இடுப்புல கட்டியிருந்த சாரத்தக் கிழிச்சு அது மேல சுத்திக் கட்டியிருக்கான், அந்தத் துணிய நான்தான் அவுத்தேன். கூலன்ட் பூரா ஒழுகிட்டு. கேன்ல இருந்த குடிதண்ணிய எடுத்து எஞ்சின்ல ஊத்தியிருக்கான். அத வச்சு எப்படியும் கரை சேந்துரலாம்னு நெனச்சிருப்பான். பவுலும் அன்னைக்கு கூடப் போகல, யோசனை சொல்ல ஆளில்ல. கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். பெறவு அதுவும் ஒழுகி, சூடேறி, கேஸ்கட் வெடிச்சு நின்னுட்டு. குடிக்கவும் இல்லாமப் போச்சு.

...

ஆமா. சுத்தி கடல்தான். கடத்தண்ணிய மோந்து ஊத்தியிருக்கலாம்... நீ கேக்கது சரிதான். எல்லாரும் அதத்தான் செய்வாங்க.

அதச் சொல்லத்தான் எனக்கு ஒன் மொகத்தப் பாக்க முடியல.

மூணு வருஷத்துக்கு முன்ன ஒரு தடவ ஊத்தினான். வந்து சொல்லவும் இல்ல, கழுவவும் இல்ல. உப்புல ஹெட்டு அரிச்சுப் போச்சு. பட்டறையில பத்து பேரு நிக்கும்போது அவன ஏசிட்டேன். இனி ஒரு தடவ உப்புத்தண்ணிய ஊத்தினன்னா என் வாசல மிதிக்காதலேன்னு சொன்னேன். சரிண்ணேன்னு தலையாட்டிட்டுப் போனான். அதுக்கப்புறம் ஊத்தவே இல்ல... உசுருக்கு ஆபத்துன்னா ஊத்திக்கோ, கரைக்கு வந்து கழுவிக்கிடலாம்னு நான் சேத்துச் சொல்லியிருக்கணும். கோவத்துல அது வாயில வரல. பெறவும் சொல்லல. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல, வாரத்துக்கு ரெண்டு தடவ பாத்திருக்கேன்.

இல்ல ஸ்டெபி. என் மேல தப்பில்லன்னு சொல்லாத. நீ சொன்னா நான் நம்பிருவேன். வேண்டாம்.

யாரு? ஆன்றோ அம்மாவா? பக்கத்துலதான் இருக்காங்களா? எவ்வளவு நேரமா...

நீயே சொல்லேம்மா... ஆமா. ஆமா, நீ சொன்னா நம்ப மாட்டாங்க. சரி. போன குடு.

...

பிளாரன்ஸம்மா, நான் மெக்கானிக் பேச்சிராஜா. நல்லா இருக்கீங்களான்னு கேக்க எனக்கு வாய் இல்ல... ஸ்டெபி மேல ஒரு தப்பும் இல்லம்மா. தண்ணி குடுத்துத்தான் அனுப்பியிருக்கா. ஒங்க மகன் அந்தத் தண்ணியக் குடிக்கல. எஞ்சின்ல ஊத்திட்டான். இன்னைக்கு அதுக்குள்ள இருந்து சீரகத்தோட எறக்கினேன், எங்கிட்ட இருக்கு. நீங்க வந்தா காட்டுதேன்...

ஆமாம்மா. உப்புத்தண்ணி ஊத்தக் கூடாதுன்னு நான் சொன்னதாலதான்.

...

ஊத்தியிருந்தாலா?

எஞ்சின் கெட்டுப் போயிருக்கும். நான் ஏசியிருப்பேன்...

ஆமாம்மா. கரைக்கு வந்திருப்பான்.

...

அம்மா? ஹலோ...

கேக்குது, கேக்குது. யாரு அழுதா... ஸ்டெபியா? ரெண்டு பேருமா...

என்னம்மா? மன்னிச்சிருன்னு என்ட்டயா சொன்னீங்க?... இல்ல, அவட்ட சொல்லுதீங்க. சரி. அவட்டயே சொல்லுங்க. அவ கேக்கட்டும்.

நான் வச்சிருதேன்.