கடைவாய்ப் பல்லும் கிட்டாரும்

பாட்டுக் கேட்க ஆள் துணை வேண்டும் என்பது என் அபிப்பிராயம், ஐயா. தனியாகக் கேட்டால் பாதி இன்பம்தான்.

நான் பல் மருத்துவன். அந்த ஜாஸ் கிட்டார் இசைத்தட்டைப் பழைய சாமான் கடையில் எடுத்தேன். வாசித்தவர் பெயர் அட்டையில் அழிந்திருந்தது. கிட்டார் அதில் அழுவதில்லை, கொஞ்சுவதில்லை. சூடான கல்லில் தெளித்த தண்ணீர்போலத் துள்ளும். அடியில் பேஸ் கிட்டார் தொந்தி குலுங்க நடந்து வரும். மூன்றாம் பாட்டில் ஓரிடத்தில் எல்லாரும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். தாளம் தப்பிவிட்டதோ என்று நமக்கு நெஞ்சு பதறும்போது டிரம் ஒரு தட்டுத் தட்டும். கிட்டார் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல உள்ளே வரும். அந்த இடத்தில் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஆள் தேடினேன்.

"மிக்ஸி ஏதாவது ரிப்பேராங்க?" என்று கேட்டாள் என் மனைவி. நண்பர்களோ இரண்டாம் பாட்டிலேயே சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கிளினிக் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்து போக மாட்டார். வாயில் பஞ்சு இருப்பதால் பேசவும் மாட்டார். அவரைவிட நல்ல ரசிகர் எங்கே கிடைப்பார்?

பல்லைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் முதல் பாட்டிலேயே வேலை முடிந்து கிளம்பிவிட்டார்கள். ஆகவே பல்லை அடைத்தேன். சொத்தை இல்லாத பல்லை அடைக்க முதலில் துளை போட வேண்டும். அதில் கொஞ்சம் நேரம் கிடைத்தது. ஆனால் துளை போடும் சத்தம் பாட்டைக் கெடுத்தது. பிடுங்குவது அமைதியான வேலை. அதற்கு மாறினேன்.

ஒரே ஒரு குறை. மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டவர்கள் கட்டைபோலக் கிடந்தார்கள். ஒருநாள் அந்த மருந்து தீர்ந்துபோயிற்று. நாற்காலியில் ஒரு தபால்காரர். குறடு பட்டதும் அவருடைய இரண்டு கால்களும் ஆட ஆரம்பித்தன. கவனித்தேன். இம்மி பிசகாமல் டிரம்மோடு ஆடின. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மருந்து வாங்குவதை அன்றோடு நிறுத்தினேன்.

"டாக்டர், அவரு வலி தாங்காம துடிக்கிறாரு," என்றாள் உதவிக்கு நின்ற பெண். பாவம், அவளுக்குத் தாள ஞானம் கிடையாது. வேலையை விட்டே போய்விட்டாள்.

பிறகு என் மச்சினன் வந்தான், மனைவியின் தம்பி. இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தரத்தான் வந்தான்.

"உக்காருப்பா, ஒரு பாட்டு போடறேன்."

"எனக்குப் பல்லுல ஒண்ணுமில்லையே, மாமா."

"இல்லாட்டி என்ன? சாஞ்சு உக்காரு."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அத்தனையும் முத்து முத்தான பற்கள். முழு இசைத்தட்டுக்கும் அதில் இடமிருந்தது. பாட்டில் லயித்து நழுவி விழுந்துவிடக் கூடாதே என்று இடுப்பிலும் கைகளிலும் பெல்ட் போட்டேன்.

முதல் பக்கம் முடிந்தபோது அவன் கன்னமெல்லாம் கண்ணீர். அப்படி ஒரு ரசிகனை நான் பார்த்ததில்லை. ஏதோ சொன்னான். அவன் "போதும் மாமா" என்று கெஞ்சியதாக அவன் அக்கா உங்கள் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவள் அந்த அறையிலேயே இல்லை, ஐயா. மேல்வரிசை இல்லாத வாயிலிருந்து வரும் சொல்லைப் புரிந்துகொள்ள என்னைப் போல் பழகியிருக்க வேண்டும்.

"போடு மாமா" என்றுதான் சொன்னான். நான் தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கீழ்வரிசைக்கு வந்தேன்.